பூச்சி கையைத் தூக்கினார்

ரொட்டிக் கம்பெனி அணியின் விக்கெட் கீப்பருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் பூச்சி. வாயில்லாப் பூச்சி என்று யாரோ ஆரம்பித்து வைத்ததை, முழுசாகச் சொல்லச் சோம்பல்பட்டுப் பின்னால் வந்தவர்கள் பாதியாக வெட்டிவிட்டார்கள். வாசலில் நிற்கும் காவலாளி பூச்சி சார் என்பார். எதிரணிக்காரர்கள் பூச்சி அண்ணே என்பார்கள். அவருக்கு இதில் வருத்தம் உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் அவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே!

அவருக்கு வேலை, அடுப்பிலிருந்து வெளியே வரும் டிரேக்களை இறக்கி அடுக்குவது. வெள்ளைக் கோட்டு, தலைக்கு வெள்ளைத் தொப்பி, கைக்குத் தடித்த துணி உறை. விடிவதற்கு முன்னால் தொடங்கும் ஷிப்ட் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம் நேராக மைதானம். அங்கே வேறு உறை. "காலைல ஒரு கையுறை, சாயந்திரம் ஒரு கையுறை. இந்த மனுஷன் கை எப்படி இருக்கும்னு எனக்கே மறந்துபோச்சு" என்று அவர் மனைவி, தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் சொல்லிச் சிரிப்பாள். மறந்திருக்க நியாயமில்லை. சுண்டுவிரல் இரண்டும் வீங்கிப்போய், வலது கை ஆள்காட்டி விரல் ஒரு தடவை உடைந்து, சேரும்போது இடது பக்கமாகத் திரும்பிச் சேர்ந்துகொண்ட கை அது.

கை அப்படி இருந்தாலும் வேலை சுத்தம். வேகமாகப் பந்து வீசுகிறவனுக்குக் கீப்பர்கள் பத்தடி பின்னால் போய் நிற்பார்கள். உயிர்மேல் ஆசை உள்ளவர்கள் அப்படித்தான் நிற்க வேண்டும். பூச்சி ஸ்டம்புக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு உட்காருவார். பந்து அவர் கைக்குள் போகும்போது சத்தமே வராது. மட்டையைச் சுழற்றிய ஆள் பந்து எங்கே என்று முன்னால் தேடுவான், பக்கத்தில் தேடுவான், கடைசியில் திரும்பிப் பார்த்தால் ஸ்டம்பின் மேல் இருந்த பெயில்ஸ் கீழே கிடக்கும், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பூச்சி ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றுகொண்டிருப்பார். அந்த ஊர்க் கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் லீக் ஆட்டங்களில் அவருக்கு இணையாக ஒரு கீப்பர் வந்ததில்லை. இதை ஒப்புக்கொள்ளாதவர் யாரும் இல்லை. ஒப்புக்கொண்டு என்ன, எழுதி வைக்க வேண்டியவர்கள் எழுதி வைக்கவில்லை.

அதற்குக் காரணம் அவருடைய ஒரே ஒரு பழக்கம். கீப்பர் என்றால் கத்த வேண்டும். பந்து மட்டைக்குப் பக்கத்தில் போனால் கத்த வேண்டும், காலில் பட்டால் கத்த வேண்டும், எதிலும் படாவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடக் கத்த வேண்டும். பூச்சி கத்தமாட்டார். அவுட் என்று நிச்சயமாகத் தெரிந்தால் வலது கையை மட்டும் மேலே தூக்குவார். தெரியாவிட்டால் பந்தைப் பௌலரிடம் எறிந்துவிட்டு அடுத்த பந்துக்கு உட்கார்ந்துவிடுவார்.

இதைக் கேட்டுவிட்டு அவர் பெரிய சத்தியவான் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஆட்டம் உள்ள நாளெல்லாம் வயிற்று வலி என்று சொல்லி ஷிப்டிலிருந்து சீக்கிரம் நழுவுகிற ஆள்தான். மைதானத்தில் டீக்கடைக்காரரிடம் நாலு பன் வாங்கித் தின்றுவிட்டு, வீட்டில் வந்து காலையிலிருந்து பட்டினி என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிற ஆள்தான். ஆனால் ஸ்டம்புக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால், கைக்குத் தெரியாததைச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. முயற்சி செய்தும் பார்த்திருக்கிறார். இருமல்தான் வந்தது.

நாளாக நாளாக மைதானமே அதற்குப் பழகிவிட்டது. பூச்சியின் கை எழும்பும் வரை அவருடைய அணியில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். எழும்பிவிட்டால் மற்ற பத்து பேரும் சேர்ந்து கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்துவார்கள். அம்பயர்களும் பழகிவிட்டார்கள். பந்து போனதும் அவர்கள் கண் தானாகப் பூச்சியின் வலது கைக்குப் போகும். எதிரணிக்காரர்கள் அதற்கும் மேலே. பூச்சி அண்ணன் கையைத் தூக்கிவிட்டால் அம்பயரைப் பார்க்காமலேயே கையுறையைக் கழற்றிக்கொண்டு நடப்பார்கள்.

கல்யாணமான புதிதில் பெரிய அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஆட்டம் ஒன்று நடந்தது. மனைவி புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பூச்சி அன்றைக்கு இரண்டு பேரை ஸ்டம்பிங் செய்தார். அப்புறம் ஒரு பந்து, ஆடியவனின் முழங்கையை உரசிக்கொண்டு அவர் கைக்கு வந்தது. பௌலர் குதித்தான், மற்றவர்கள் குதித்தார்கள், பந்து வீசியவனின் மாமா தேர்வுக் குழுவில் இருந்தார், அவரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே குதித்தார். பூச்சி மட்டும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கம்மென்று நின்றார். அவர் சும்மா நிற்பதைப் பார்த்து அம்பயரும் இல்லை என்று தலையாட்டிவிட்டார். முழங்கையில் வாங்கியவன் அப்புறம் சதம் அடித்தான்.

டீ குடிக்கிற நேரத்தில் தேர்வுக் குழுவின் தலைவர் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். "நல்ல கை. ஆனா வாய் இல்லையே. கீப்பருன்னா பத்து பேர் சத்தம் போடணும்." பத்து பேர் சத்தம் போடுகிற ஒருவனை எடுத்தார்கள். அவன் பந்தைத் தவறவிட்டாலும் சத்தத்தைத் தவறவிட்டதில்லை. ரொம்ப நாள் ஆடி, பேரும் சம்பாதித்து, சௌகரியமாக இருக்கிறான். இருக்கட்டும்.

வீட்டுக்கு வருகிற வழி முழுக்க மனைவி பஸ் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்து உள்ளே வந்ததும் வெடித்தாள்.

"ஊர்ல உள்ளவனெல்லாம் கத்துறான். உங்களுக்கு மட்டும் வாயில என்ன பூட்டா போட்டிருக்கு? உங்களுக்காக நீங்களே பேசலேன்னா வேற யாரு பேசுவாங்க?"

பூச்சி ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே அந்தப் பக்கம் நான் தலை வச்சும் படுக்கமாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். ஜெர்சியைத் துவைத்துப் போடுவாள், விரலுக்கு மருந்து போட்டுக் கட்டுவாள், இன்றைக்கு எத்தனை பேர் அவுட் என்று கேட்பாள். மைதானத்துக்கு மட்டும் வரமாட்டாள். அவரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டும் என்று வருஷா வருஷம் நினைத்தார் என்பது நிஜம்.

முழங்கால் முதலில் சொன்னது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்றது, எழுந்தால் உட்கார மாட்டேன் என்றது. டிரே இறக்கவும் கால் வேண்டும், வீட்டுக்கடனும் பாதி பாக்கி இருந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எது வேணும்? வேலையா, விளையாட்டா?" என்று கேட்டார். பூச்சி அந்த சீசனோடு நிறுத்திக்கொள்வதாக முடிவு செய்தார். முடிவை யாரிடமும் சொல்லவில்லை. கையுறையை எண்ணெய் போட்டுத் துடைக்காமல் விட்டதைப் பார்த்து மனைவியாகக் கண்டுபிடித்தாள். மறுநாள் கம்பெனி பூராவும் தெரிந்துவிட்டது.

வாய்த்தது பாருங்கள், அந்த சீசனில்தான் ரொட்டிக் கம்பெனி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அதுவரை அவர்கள் கப்பைப் பரிசளிப்பு மேஜையில் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார்கள். அணியின் கேப்டன் கம்பெனி வேன் டிரைவர். வாட்டசாட்டமான ஆள், பேச்சுக்கு ஓய்வே கிடையாது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் பூச்சியின் தோளில் கை போட்டார்.

"அண்ணே, இன்னிக்கு நீங்கதான் கேப்டன். டாஸ் போட நீங்க போங்க."

"எனக்கு எதுக்குப்பா?"

"ஒரு நாளாவது நீங்க சொல்லி நாங்க கேக்கணும்ணே. நீங்க எதுவும் சொல்லமாட்டீங்க, அதனால ஒண்ணும் கெட்டுப்போகாது."

எல்லோரும் சிரித்தார்கள். பூச்சியும் சிரித்தார். கண் கொஞ்சம் கலங்கிவிட்டது, தூசி என்று சமாளித்தார்.

எதிரணி இன்சூரன்ஸ் கம்பெனி. முக்கால்வாசி வருஷம் கப்பு அவர்களுடைய வரவேற்பறையில்தான் இருக்கும். ரொட்டிக் கம்பெனி எடுத்த ஓட்டங்களை விரட்டிக்கொண்டு வந்து, கடைசியில் மூன்று ஓட்டம் பாக்கி, ஒரே ஒரு விக்கெட் பாக்கி என்று வந்து நின்றார்கள். மட்டை பிடித்துக்கொண்டு நின்றது அவர்களுடைய கணக்கர், கண்ணாடி போட்டவர். ஆள் குறைந்ததால் அணியில் சேர்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, மட்டையைக் குடை பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தார். பந்து வீசியது மாவு பிசையும் பிரிவின் வேகப் பந்துக்காரன். அம்பயர் கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர், லீக் தொடங்கியதிலிருந்து நின்றுகொண்டிருக்கிறவர்.

பந்து வந்தது. கணக்கர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வீச்சு வீசினார். மட்டை தரையில் டக்கென்று இடித்தது. பந்து மட்டைக்குக் கட்டை விரல் அகலம் தள்ளிப் போய்ப் பூச்சியின் கைக்குள் வந்து விழுந்தது. படவில்லை என்பது பூச்சிக்குத் தெரியும். பந்தைப் பௌலரிடம் எறிவதற்காக நிமிர்ந்தார்.

நிமிர்ந்தபோதுதான் எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு யாரோ கைப்பையை வீசி வீசி ஆட்டுவது தெரிந்தது. கடைசி ஆட்டமாயிற்றே என்று, மருந்துக்கடையின் பச்சை மேல்கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வந்து சேர்ந்திருந்த அவர் மனைவி. பெஞ்சின் மேல், அதே மைதானத்தில், அத்தனை வருஷத்துக்குப் பிறகு! பூச்சிக்குத் தலைகால் புரியவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.

பத்து பேரும் கத்தினார்கள். வாட்ச் ரிப்பேர்க்காரரின் விரல் பட்டென்று மேலே போனது.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று பூச்சிக்கே சரியாக ஞாபகம் இல்லை. யாரோ அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார்கள். மாவு பிரிவுக்காரன் தரையில் விழுந்து புரண்டான். வேன் டிரைவர் அழுதுகொண்டே சிரித்தார். கணக்கர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மட்டையைக் கக்கத்தில் இடுக்கி, ஆட்டக்காரர்கள் உட்காரும் பந்தலைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார்.

அவர் நடப்பதைப் பார்த்த பிறகுதான் பூச்சிக்கு விஷயம் உறைத்தது.

"அவுட் இல்ல" என்றார். யார் காதிலும் விழவில்லை. அந்த மைதானத்துக்கு அந்தக் குரல் பழக்கமே கிடையாது.

"அவுட் இல்லப்பா. கீழ விடுங்க!" அப்போதும் விழவில்லை. கடைசியில் மூச்சை இழுத்துப் பிடித்து, தொண்டை கிழியக் கத்தினார். "அவுட் இல்ல!"

மைதானம் அப்படியே நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கத்தியது பூச்சி என்று நம்பவே சிலருக்கு நேரம் பிடித்தது. அவரைத் தூக்கியிருந்தவர்கள் பயந்துபோய்க் கீழே இறக்கினார்கள்.

வேன் டிரைவர் பக்கத்தில் வந்தார். "என்னண்ணே சொல்றீங்க? நீங்கதான கையத் தூக்கினீங்க?"

"என் பொண்டாட்டிக்குத் தூக்கினேன்."

வேன் டிரைவர் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சின் மேல் இன்னும் கைப்பை ஆடிக்கொண்டிருந்தது. கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சரிண்ணே. தூக்கிட்டீங்க. அம்பயரும் குடுத்துட்டாரு. அந்த ஆளே நடந்து போறாரு. நீங்க எதுவும் சொல்ல வேணாம், எப்பவும் போல சும்மா இருங்க, அது போதும். அந்தக் கப்பை ஒரு தடவையாவது தொட்டுப் பாக்க வேணாமா?"

பூச்சி பரிசளிப்பு மேஜையைப் பார்த்தார். கப்பு வெயிலில் கண்ணைப் பறித்தது. ஆசை இல்லாமல் இல்லை. அந்த நிமிஷத்தில் உலகத்தில் வேறு எதன் மேலும் அவருக்கு அவ்வளவு ஆசை இல்லை என்றே சொல்லலாம். வாய் திறக்காததால் பெரிய அணி போயிற்று, பேர் போயிற்று. இன்றைக்கு வாய் திறக்காமல் இருந்தால் கப்பு வரும். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சும்மா இருந்ததற்கு ஒரு கூலி கிடைக்கப்போகிறது, அதையும் கெடுத்துக்கொள்வதா என்று மனசு அடித்துக்கொண்டது. சுற்றி நின்றவர்களைப் பார்க்க இன்னும் கஷ்டமாக இருந்தது. எல்லோரும் கூட டிரே தூக்குகிறவர்கள், மாவு பிசைகிறவர்கள். அவர்களுக்கும்தானே கப்பு!

"இன்னிக்கு கேப்டன் யாரு?" என்று கேட்டார்.

வேன் டிரைவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நீங்கதான்" என்றார்.

"அப்ப அந்த ஆளைத் திருப்பிக் கூப்பிடு. எனக்கு கால் வலிக்குது."

வேன் டிரைவர் ஓடினார். திட்டிக்கொண்டேதான் ஓடினார், ஆனால் ஓடினார். கணக்கர் திரும்பி வந்து பூச்சியை நம்பாமல் பார்த்தார்.

"அண்ணே, நான் பட்டிருக்கும்னுதான் நெனச்சேன். டக்குனு சத்தம் கேட்டுச்சே?"

"தரையில பட்டுச்சு."

"நெஜமாவா? பந்து மேல படலையா?"

"பக்கத்துலயே வரல" என்றார் பூச்சி. கணக்கருக்கு அது கொஞ்சம் அவமானமாகப் போய்விட்டது.

ஒருவேளை அந்த அவமானம்தான் காரணமோ என்னவோ, அடுத்த பந்துக்கு அவர் கண்ணைத் திறந்துகொண்டு ஆடினார். இந்தத் தடவை பந்து நிஜமாகவே மட்டையின் ஓரத்தில் பட்டு, பூச்சிக்கு வலது பக்கமாகத் தாழப் பறந்தது. பூச்சி பாய்ந்தார். மனசு போய்ச் சேர்ந்துவிட்டது, முழங்கால் கிளம்பவே இல்லை. பந்து கையுறை நுனிக்கு ஒரு விரல் தள்ளித் தாண்டிப் போய்க் கயிற்றைத் தொட்டது. நாலு ஓட்டம். முழங்கால் நன்றாக இருந்த காலத்தில் அந்தப் பந்து அவரைத் தாண்டிப் போயிருக்காது. ஆட்டத்தை நிறுத்தும் முடிவு சரிதான் என்று புல்லில் குப்புறக் கிடந்தபடியே நினைத்துக்கொண்டார்.

பூச்சி பந்தல் மூலையில் உட்கார்ந்து பேடைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேன் டிரைவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைப் பாதி குடித்துவிட்டு மீதியை நீட்டினார்.

"அண்ணிக்குத்தான் கை காட்டப்போறேன்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றார். மாவு பிரிவுக்காரன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். கப்பு போன துக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடாது, ஆனால் பூச்சி மேல் கோபப்பட அந்தக் கூட்டத்தில் யாருக்கும் மனசு வரவில்லை.

அவர் மனைவி பந்தல் வாசலில் வந்து நின்றாள். விஷயத்தை யாரோ சொல்லியிருக்க வேண்டும். முகம் சிவந்திருந்தது. பூச்சி ஷூ கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, நான் கைய ஆட்டினதாலதான் எல்லாம் கெட்டுச்சா?"

"நீ ஆட்டினதுல ஒண்ணும் இல்ல. நான் ஆட்டினதுலதான்."

"அன்னிக்கு வாயத் திறக்கலேன்னு சண்டை போட்டேன். இன்னிக்குத் திறந்தீங்க, கப்பே போச்சு. உங்கள வச்சுக்கிட்டு நான் என்னதான் செய்யறது?" என்றாள். சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. "எவ்வளவு பெரிய சத்தம்! பெஞ்சுல இருந்தே எனக்குக் கேட்டுச்சு" என்று அவள் சொன்னபோது குரலில் பெருமை இருந்தது. அது அவருக்குக் கப்பைவிடப் பெரிதாகப் பட்டது. இதை அவர் அவளிடம் சொல்லவும் செய்தார்.

வாட்ச் ரிப்பேர்க்காரர் கடைசியாக வந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தார். ஒரே நாளில் வயசு கூடிவிட்ட மாதிரி இருந்தது.

"தம்பி, நான் பந்தைப் பாக்கவே இல்லப்பா" என்றார். "உன் கையைத்தான் பாத்தேன். இன்னிக்கு மட்டும் இல்ல, நீ ஆடின எல்லா நாளும் அப்படித்தான். நீ போயிட்டா நான் இனிமே யாரைப் பாக்கிறது?"

பூச்சி நகர்ந்து பெரியவருக்கு உட்கார இடம் கொடுத்தார்.

"லீக்ல அம்பயருக்கு ஆள் வேணும். நீ நில்லு. உக்கார வேணாம், முழங்கால் தாங்கும்."

"எனக்குப் பேச வராதே, ஐயா."

"அம்பயருக்கு வாய் எதுக்குப்பா? விரல் இருந்தா போதும்."

பூச்சி தன் வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். அது வழக்கம்போல இடது பக்கமாகத் திரும்பி வேன் டிரைவரைச் சுட்டியது.

"பரவால்ல, அவுட்டுன்னு புரிஞ்சா சரி" என்றார் பெரியவர். பூச்சி மனைவியைப் பார்த்தார். "காலைலயும் வெள்ளைக் கோட்டு, சாயந்திரமும் வெள்ளைக் கோட்டா? துவைக்கிறது யாரு?" என்று கேட்டாள் அவள். கேட்டுக்கொண்டே பெரியவரின் கோட்டை வாங்கி அவர் தோளுக்கு அளவு வைத்துப் பார்த்தாள். கை கொஞ்சம் குட்டையாக இருந்தது. இறக்கித் தைக்கத் துணி இருக்கிறது என்று தையலைப் பிரித்துப் பார்த்துச் சொன்னாள்.

அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில் பூச்சி ஸ்டம்புக்குப் பின்னால் இல்லை, எதிர்ப்பக்கத்தில் நின்றார். இறக்கித் தைத்த கோட்டு, வெள்ளைத் தொப்பி. கம்பெனியிலிருந்து அப்படியே வந்துவிட்டாரா என்று டீக்கடைக்காரர் கேட்டார். ஆட ஆள் கிடைக்காமல் தவிக்கிற அணிகள் உண்டு, அம்பயர் கிடைத்ததில் இத்தனை பேர் சந்தோஷப்பட்டதை லீக் பார்த்ததில்லை. அவர் முதல் அவுட் கொடுத்தபோது விரல் கோணலாகப் போய், பக்கவாட்டில் பாயிண்டில் நின்ற ஃபீல்டரைக் காட்டியது. "அண்ணே, அவுட்டு நானா, அவனா?" என்று கேட்டுவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் நடந்தான் ஆட்டக்காரன்.

தேநீருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பந்து மட்டையைத் தாண்டிக் கீப்பரிடம் போனது. கீப்பர் கத்தினான், பௌலர் திரும்பி மண்டியிட்டுக் கத்தினான், ஃபீல்டர்கள் எல்லோரும் கத்தினார்கள். அதே நேரம் பெஞ்சின் மேல் பச்சை மேல்கோட்டோடு ஒருத்தி ஏறி நின்று கைப்பையை ஆட்டினாள். பூச்சியின் வலது கை இடுப்பு வரைக்கும் எழும்பிவிட்டது. ஆடியவன் முகம் வெளுத்துப்போய்க் கையுறையைக் கழற்றக் கை வைத்துவிட்டான்.

பூச்சி சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுகக் கோர்த்துக்கொண்டார். கை பின்னால் போன பிறகு மிச்சம் இருந்தது வாய்தான். அதைத் திறந்து மைதானம் பூராவும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"அவுட் இல்ல! வந்துட்டியா? பாத்துட்டேன், பாத்துட்டேன்! கீழ இறங்கி உக்காரும்மா!"

மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் இறங்கி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். கைகளைப் பின்னால் கோர்த்தபடியே பூச்சி அடுத்த பந்து போடச் சொல்லித் தலையசைத்தார்.